புழு தின்னாத மிச்சம்

நம்ம பக்கம் ஒருத்தனை மண்ணோடு மண்ணாக மிதிக்க வேண்டுமென்றால் 'புழு'ன்னு ஒரு வார்த்தை போதும். வாய்விட்டுச் சபிக்கிறவர்கள் 'புழுத்துச் சாவே' என்பார்கள். வேதம் படித்தவர்கள் இதை இன்னும் விவரமாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். நடத்தை கெட்டவன் அடுத்த பிறவியில் நாயாக, பன்றியாக, சண்டாளனாகப் பிறப்பான் என்று சாந்தோக்கிய உபநிடதம் மூன்றையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. அதற்கும் கீழே, பிறப்பதும் சாவதுமே வேலையாகக் கொண்ட சிற்றுயிர்கள். நாய், பன்றி, நாம், புழு. அந்தக் கணக்குப் புத்தகத்தில் அடுத்தடுத்த வரிகள்.

இப்போது கடைசி வரிக்கு மவுசு வந்திருக்கிறது. மாநகராட்சிகள் புழுவுக்கு ஒப்பந்தம் போடுகின்றன. பொறியியல் படித்த பிள்ளைகள் புழுக் கம்பெனி தொடங்குகிறார்கள். மீதிச்சோற்றைப் போட்டால் புழு தின்னும், புழுவைப் போட்டால் கோழி தின்னும், குப்பைமேடு மறையும், காசும் வரும் என்கிறார்கள். பொய்யில்லை. பெரும்பாலும் உண்மை. அதனால்தான் இதைப் பற்றி நாம் பேச வேண்டியிருக்கிறது. புழுவுக்கு வந்த மவுசு, புழுவோடு சேர்த்து எழுதப்பட்ட மனுசனுக்கு வருமா? இல்லை, புழு மட்டும் தப்பித்து மேலே போய்விடுமா?

முதலில் விசயத்தைத் தெரிந்துகொள்வோம். எதிர்ப்பதானாலும் ஆதரிப்பதானாலும் தெரிந்துகொண்டு செய்வோம்.

பூச்சியின் பேர் பிளாக் சோல்ஜர் ஃப்ளை. கறுப்புச் சிப்பாய் ஈ என்று சொல்லிக்கொள்ளலாம். வளர்க்கிறவர்கள் சுருக்கி 'பிஎஸ்எஃப் புழு' என்கிறார்கள். அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி, இன்று வெதுவெதுப்பான நாடுகள் எங்கும் இருக்கிறது. பார்க்கக் குளவி போலிருக்கும், கொட்டாது. வீட்டு ஈ மாதிரி சோற்றில் வந்து உட்காராது. வளர்ந்த ஈயின் ஆயுசு ஒரு வாரம், மிஞ்சினால் பத்துப் பதினைந்து நாள். புழுவாக இருந்தபோது சேர்த்துவைத்த கொழுப்பை வைத்தே பெரும்பாலும் காலத்தை ஓட்டிவிடும். அழுகல் இருக்குமிடத்துக்குப் பக்கத்தில், உலர்ந்த இடுக்கு பார்த்து நூற்றுக்கணக்கில் முட்டையிடும். நாலைந்து நாளில் பொரிந்த புழு, அடுத்த இரண்டு மூன்று வாரம் தின்பதைத் தவிர வேறெதுவும் செய்யாது. காய்கறித் தோல், மீதிச் சோறு, சாம்பார், மீன் குடல், அழுகின பழம், எதுவும் விலக்கில்லை. முற்றிய புழு கறுத்துப்போய் உலர்ந்த இடம் தேடித் தானாக ஏறி வெளியேறும். சாய்வாக ஒரு பலகை வைத்தால் அதில் ஏறி வாளிக்குள் விழும்.

சுவிட்சர்லாந்தின் ஈவாக் என்ற நீர் ஆய்வு நிறுவனம், இந்தோனேசியாவில் செய்துபார்த்த அனுபவத்தை வைத்து 2017-ல் ஒரு கையேடு வெளியிட்டது. ஒரு சாதாரணப் பிளாஸ்டிக் பெட்டி, ஐந்து நாள் வயதான 10,000 குஞ்சுப்புழு, 15 கிலோ ஈரக்கழிவு, 12 நாள். இவ்வளவுதான் அதன் அடிப்படைக் கணக்கு. தோராயமாக ஒரு டன் ஈரக்கழிவுக்கு 150 முதல் 200 கிலோ வரை உயிர்ப்புழு கிடைக்கும். காயவைத்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும். காய்ந்த புழுவில் சுமார் 40 விழுக்காடு புரதம், 30 விழுக்காடு கொழுப்பு. மிச்சமிருக்கும் புழுவின் எச்சம் வயலுக்கு உரம். மின்சாரம் அதிகம் வேண்டாம், பெரிய எந்திரம் வேண்டாம். நம்ம ஊர் வெயிலே போதும். அதிலும் நிழல் போட வேண்டியிருக்கும்.

யாருக்கு வேண்டும் இந்தப் புழு? நாமக்கல் கோழிப்பண்ணைக்காரரைக் கேட்டால் தெரியும். கோழி வளர்ப்பில் செலவு என்பது பெரும்பாலும் தீவனச் செலவுதான். 2021-ல் சோயாப் புண்ணாக்கு விலை ஏறியபோது, மரபணு மாற்றிய சோயாவில் எடுத்த புண்ணாக்கை 12 லட்சம் டன் இறக்குமதி செய்ய ஒன்றிய அரசு அனுமதி கொடுத்தது. மீன் பண்ணைக்கோ மீன்தூள் வேண்டும். ஏழைக்கு மலிவாகக் கிடைத்த மத்தியும் பொடிமீனும் அரைக்கப்பட்டுத் தீவனமாகிறது. சோயாவுக்கும் மீன்தூளுக்கும் மாற்று என்று புழுமாவு வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல் மீன் தீவனத்துக்கும் 2021-ல் கோழி, பன்றித் தீவனத்துக்கும் பூச்சிப் புரதத்தை அனுமதித்தது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓட்டலிலும் சமையலறையிலும் மிஞ்சிய சோற்றைப் பண்ணைப் புழுவுக்குப் போடக் கூடாது என்று அங்கே சட்டம். அவர்கள் புழு தின்பது ஆலைகளில் மிஞ்சும் சுத்தமான தவிடும் தோலும். எச்சில் என்கிற சிக்கலே அங்கே கிடையாது. இங்கே சிக்கலே எச்சில்தான்.

மலைக்கு அந்தப் பக்கம் நடந்ததைப் பார்ப்போம். 2023 மார்ச் 2 அன்று கொச்சியின் பிரம்மபுரம் குப்பைக்கிடங்கில் தீப்பிடித்தது. பத்து நாளுக்கு மேல் புகை. நகரம் மூச்சுத் திணறியது. பசுமைத் தீர்ப்பாயம் மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதற்குப் பிறகுதான் மாநகராட்சிக்குப் புழு ஞாபகம் வந்தது. அதே பிரம்மபுரத்தில், நாளொன்றுக்கு 50 டன் வீதம் ஈரக்கழிவைத் தின்னும் இரண்டு புழு ஆலைகளுக்குத் தனியாருடன் ஒப்பந்தம் போட்டார்கள். கேரளத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நகரம் எரிந்தபிறகுதான் அரசுக்குக் குப்பை கண்ணில் படுகிறது. அதுவரை அது குப்பைக்குப் பக்கத்தில் குடியிருப்பவன் பாடு.

எரியாத குப்பை என்ன ஆகிறது என்பதும் நமக்குத் தெரியும். 2024 டிசம்பரில் திருநெல்வேலி நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் கேரள மருத்துவமனைக் கழிவு லாரி லாரியாகக் கொட்டப்பட்டிருந்தது. பசுமைத் தீர்ப்பாயம் கண்டித்து, கேரள அரசே வந்து அள்ளிப்போனது. மாநிலத்துக்கும் மாநிலத்துக்கும் இடையில் என்றால் தீர்ப்பாயம் உண்டு. ஊருக்கும் சேரிக்கும் இடையில் கொட்டப்படுவதற்கு எந்தத் தீர்ப்பாயம் இருக்கிறது? 'ஊருக்கு ஒதுக்குப்புறமாக ஓர் இடம்' என்று அதிகாரிகள் கோப்பில் எழுதும்போது, அந்த ஒதுக்குப்புறத்தில் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டவர்கள் குடியிருக்கிறார்கள் என்பது யாருக்கும் உறைப்பதில்லை.

சரி, புழுவுக்கு வருவோம். புழு எல்லாவற்றையும் தின்னும் என்று விளம்பரம் சொல்கிறது. தின்னாது. பிளாஸ்டிக் பையைத் தின்னாது. கண்ணாடிச் சில்லைத் தின்னாது. ஊசியை, பிளேடை, நாப்கினைத் தின்னாது. பழைய பாட்டரி கலந்தால் அதிலுள்ள காட்மியம் புழுவின் உடம்பில் சேர்ந்துகொள்ளும். புழுவைத் தின்ற கோழி வழியாக நம் தட்டுக்கே திரும்பி வரும். ஆகவே புழு ஆலை ஓடவேண்டுமானால், ஆலை வாசலுக்கு வருவதற்கு முன்பே குப்பை பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். சோறு தனியாக, பை தனியாக, ஊசி தனியாக. அதை எந்தப் புழுவும் செய்யாது. ஒரு கை செய்ய வேண்டும்.

அது யார் கை?

புழு வளர்ப்பு பற்றிய படங்களில் பளபளக்கும் பெட்டிகள் வரும், வெள்ளைக் கோட்டு வரும், காய்ந்த புழுவை உள்ளங்கையில் ஏந்திச் சிரிக்கும் முதலாளி வருவார். பெட்டிக்குப் போகும் முன்னால் நாறும் மூட்டையை அவிழ்த்துக் கொட்டி, கிளறி, பொறுக்கிய கை வராது. வட்டப் பொருளாதாரம் என்று புதுசாக ஒரு பேர் வைத்திருக்கிறார்கள். வட்டத்தைச் சுற்றிவரும் பொருளை எல்லாரும் பார்க்கிறார்கள். வட்டத்துக்குள் நிற்கவைக்கப்பட்டவனைப் பார்க்க மறுக்கிறார்கள்.

2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் என்ன சொல்லின? குப்பையை உண்டாக்குகிறவரே வீட்டிலேயே பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றன. எந்தத் தெருவில் நடக்கிறது? சோற்றையும் நாப்கினையும் ஒரே கறுப்புப் பையில் கட்டி வாசலில் வீசிவிட்டு, வண்டி தள்ளி வரும் அம்மாவிடம் 'ஏம்மா, லேட்டா வார?' என்று கேட்கும் தெருக்கள்தான் அதிகம். பையைத் தொடாமல் எட்ட இருந்து போடுவார்கள், அவர் மேல் பட்டாலும் பரவாயில்லை என்று. சட்டம் 'பிரி' என்றது வீட்டுக்காரரை. சாதி அந்த வேலையைத் தெருவில் நிற்பவருக்குத் தள்ளிவிட்டது. சட்டத்தைச் சாதி இப்படித்தான் மொழிபெயர்த்துக்கொள்கிறது.

கழிவு என்றாலே தீட்டு, அதனால்தான் இந்த அருவருப்பு என்று சொல்வார்கள். அதையும் சோதித்துப் பார்த்துவிடுவோம், நம்ம ஊரை வைத்தே. ராஜபாளையத்தில் நூற்பாலைகள் உண்டு. ஆலையில் விழும் கழிவுப்பஞ்சுக்குத் தனி வியாபாரம் உண்டு. 'வேஸ்ட் காட்டன்' என்று போர்டே போட்டுக்கொள்வார்கள். அந்த வியாபாரிக்கு ஊர்த் திருவிழாவில் மாலை மரியாதைக்குக் குறைவில்லை. தளவாய்புரத்தில் நைட்டியும் உள்பாவாடையும் தைக்கிறார்கள். வெட்டியது போக விழும் துண்டுத்துணிக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று விலையுண்டு. அதைத் தொட்டவன் யாரும் குளிப்பதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாக்காரர் வீட்டுப் பசு தின்னும் புண்ணாக்கும் செக்கில் எண்ணெய் போக மிஞ்சிய கழிவுதான். பஞ்சின் கழிவு தீட்டில்லை, துணியின் கழிவு தீட்டில்லை, எள்ளின் கழிவு தீட்டில்லை. முதலாளி கையிலிருந்து முதலாளி கைக்குப் போகும் கழிவுக்குப் பேர் சரக்கு. சாதி இந்து வாயிலிருந்து தலித் கைக்கு வரும் கழிவுக்குப் பேர்தான் எச்சில். தீட்டு பொருளில் ஒட்டியிருக்கவில்லை. அதை வாங்கிக்கொள்ளும் கையில் ஒட்டவைக்கப்பட்டிருக்கிறது.

எச்சிலின் அரசியல் நமக்குப் புதிதல்ல. 1927-ல் மகாத்தில் குளத்து நீரைத் தொடப்போன அம்பேத்கர், அதே கூட்டத்தில், செத்த மாட்டு இறைச்சியையும் வீசியெறியப்படும் மிச்சத்தையும் இனித் தின்னாதீர்கள் என்று நம் சனத்தைக் கேட்டுக்கொண்டார். தண்ணீரைத் தொடும் உரிமையையும் எச்சிலைத் தொடாதிருக்கும் உரிமையையும் அவர் ஒன்றாகவே பார்த்தார். நம்ம மாவட்டத்துப் புதுப்பட்டியில் பிறந்த பாமா 1992-ல் வெளியான 'கருக்கு'வில், நாயக்கர் வீட்டில் பழைய சோற்றை எட்ட நின்று ஊற்ற, ஏந்தி வாங்கும் பாட்டியை எழுதினார். ஐந்து வருசம் கழித்து ஓம்பிரகாஷ் வால்மீகி இந்தியில் எழுதிய தன்வரலாற்றுக்கு 'ஜூட்டன்' என்று பேர். ஜூட்டன் என்றால் எச்சில். தெற்கிலும் வடக்கிலும் ஒரே கஞ்சி, ஒரே கை ஏந்தல்.

இதே எச்சில் இன்னொரு இடத்தில் புனிதமும் ஆகும். கரூர் நெரூரில் சாப்பிட்டு முடித்த இலைகள் மேல் உருளும் அங்கப்பிரதட்சணத்தை 2024-ல் உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி அனுமதித்தார். 2025 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவை ரத்து செய்தது. ஒரே இலை. மடத்தில் கிடந்தால் பிரசாதம், மண்டபத்துக்குப் பின்னால் கிடந்தால் தீட்டு, கம்பெனி வாங்கினால் கச்சாப்பொருள். இந்த மூன்று மாற்றத்தையும் தீர்மானிப்பது இலையல்ல, அதிகாரம்.

கழிவு சரக்காக மாறும் கணத்தில் வரலாற்றில் என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். செத்த மாட்டை இழுத்தவன் சக்கிலியன், பறையன். தோலுக்கு உலகச் சந்தை வந்தது. தோல் மண்டியும் பதனிடும் ஆலையும் ஏற்றுமதி உரிமமும் வேறு கைகளுக்குப் போயின. சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கி நிற்கும் வேலை மட்டும் நம்மிடமே நின்றது. ஊர்க்கழிவை உரமாக்கும் வேலையும் இப்படித்தான். 1920-களில் ஆல்பர்ட் ஹோவர்ட் துரை இந்தூரில் இருந்தபடி மட்கு உரம் தயாரிக்கும் முறையை வகுத்தார். யஷ்வந்த் வாட் என்பவரோடு சேர்ந்து 1931-ல் புத்தகமும் போட்டார். முறைக்கு ஊரின் பேர் வந்தது, இந்தூர் முறை. இயற்கை விவசாயத்தின் பிதா என்ற பேர் துரைக்கு வந்தது. பின்னால் நகராட்சிகள் அந்த முறையைக் கையில் எடுத்து மலத்தையும் குப்பையையும் அடுக்கடுக்காகப் போட்டு உரமாக்கியபோது, அடுக்கிய கைக்கு ஒரு பேரும் வரவில்லை. பழைய சாதிப்பேர் மட்டும் மிஞ்சியது.

இப்போது புழுவின் முறை. மூலதனம் வருகிறது, ஆராய்ச்சி நிறுவனங்கள் வருகின்றன, பெங்களூரில் 2019-ல் தொடங்கிய லூப்வோர்ம் போன்ற கம்பெனிகள் வருகின்றன. வரட்டும். நாம் கேட்பது, கழிவுக்கு விலை வந்தபிறகும் கழிவைச் சுமப்பவனுக்கு ஏன் விலை வரவில்லை என்பதுதான்.

எண்ணிக்கையாகச் சொல்கிறோம். சாக்கடை, கழிவுநீர்த்தொட்டித் தொழிலாளர்களை ஒன்றிய அரசே கணக்கெடுத்தது. 2024-ல் வெளிவந்த விவரப்படி, அதுவரை சரிபார்க்கப்பட்ட சுமார் 38,000 பேரில் 68.9 விழுக்காடு பட்டியல் சாதியினர். பழங்குடியினரையும் பிற்பட்டோரையும் சேர்த்தால் 91.9. இதை ஒரு வேலையின் கணக்கு என்று வாசிக்க முடியாது. சாதியின் கணக்கு. சாதி என்பது வேலையைப் பிரிக்கும் ஏற்பாடு மட்டுமல்ல, வேலை செய்பவர்களைப் பிரித்து வைக்கும் ஏற்பாடு என்று 1936-லேயே அம்பேத்கர் விளக்கிவிட்டார். தமிழக அரசு 2020-ல் துப்புரவுப் பணியாளர் என்ற பேரைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றியது. கிராமத்தில் இன்னும் ஒருபடி மேலே போய்த் தூய்மைக் காவலர் என்கிறார்கள். காவலருக்குக் கொடுப்பதோ சம்பளமில்லை, மதிப்பூதியம். பேரில் மதிப்பு இருக்கிறது, ஊதியத்தில் இல்லை. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் பதின்மூன்று நாள் உட்கார்ந்து, எங்கள் வேலையைத் தனியாருக்குத் தள்ளாதே என்று கேட்டவர்களை நள்ளிரவில் போலீசு அள்ளிக்கொண்டு போனது. குப்பையை அள்ளியவர்களையே குப்பை மாதிரி அள்ளினார்கள்.

இந்த இடத்தில் நமக்கு முன்னால் இரண்டு வலைகள் விரிக்கப்பட்டிருக்கின்றன.

ஒன்று, அன்பு வலை. தொண்டு நிறுவனத்து அண்ணன் வருவார். 'உங்களுக்குத்தான் இது பழக்கமான வேலையாச்சே. பன்னி வளர்த்தவங்க, புழு வளர்க்க மாட்டீங்களா? பாரம்பரிய அறிவு இருக்கே!' என்பார். பயிற்சி, பை, சான்றிதழ், குழுப்புகைப்படம். பழைய குலத்தொழிலைப் பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு மூடித் திருப்பித் தருவார். இதற்கு நம் பதில் தெளிவாக இருக்கட்டும். நாத்தத்தைச் சகித்தது அறிவல்ல, கட்டாயம். எந்தத் தூய்மைப் பணியாளரின் பிள்ளையும் பிறந்த காரணத்துக்காகப் புழுப்பெட்டி முன்னால் நிற்கக் கூடாது. அந்தப் பிள்ளை பூச்சியியல் படித்து அந்த ஆலைக்கு விஞ்ஞானியாகப் போகட்டும், அது வேறு.

இரண்டாவது வலை நம் கோபத்திலேயே இருக்கிறது. 'குப்பைச் சங்காத்தமே வேண்டாம், புழுவும் வேண்டாம், தோழரே' என்று முடித்துவிடுவது. இந்தக் கோபத்தின் நியாயம் நமக்குப் புரிகிறது. வெளியேறுவதுதான் விடுதலை, சந்தேகமில்லை. ஆனால் இன்று விடிகாலை நாலு மணிக்கு வண்டி தள்ளிக்கொண்டு போன அம்மாவுக்கு என்ன சொல்வது? அவர் வெளியேறும் வரை, அவர் அள்ளுகிற பொருளின் விலை ஏறிக்கொண்டே போகும். நாம் முகத்தைத் திருப்பிக்கொண்டால், விலை முழுவதும் இன்னொருவன் பைக்குப் போகும். நாளைக்கு அவர் பிள்ளையை வெளியேற்றத் தேவைப்படும் பணமும் அதில்தான் இருக்கிறது. தோலில் இழந்ததைப் புழுவிலும் இழக்க வேண்டுமா?

வேறு வழி இல்லாமல் போகவில்லை. பூனாவில் குப்பை பொறுக்கும் பெண்கள், பெரும்பாலும் தலித் பெண்கள், 1993-ல் காகத் காச் பத்ர கஷ்டகரி பஞ்சாயத்து என்று சங்கம் கட்டினார்கள். 'பொறுக்கி' என்று துரத்தியவர்கள் முன்னால் அடையாள அட்டையோடு நின்றார்கள். 2008-ல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு, முழுக்கத் தொழிலாளர்களே உரிமையாளர்களான 'ஸ்வச்' கூட்டுறவு வேலையைத் தொடங்கியது. வீட்டு வாசலில் குப்பை வாங்குவதற்கு வீட்டுக்காரர் மாதக் கட்டணம் தருகிறார். காகிதம், பாட்டில், இரும்பு விற்ற காசு தொழிலாளிக்கு. குப்பையின் மேல் உரிமை என்ற சொல்லை அவர்கள்தான் நமக்குக் கற்றுக்கொடுத்தார்கள். உலர்ந்த கழிவில் பூனாப் பெண்கள் வாங்கிய உரிமையை, ஈரக்கழிவில் ஏன் கேட்கக் கூடாது? எச்சிலுக்கு விலையில்லாதவரை ஈரக்கழிவின் மேல் உரிமை கேட்க யாருக்கும் தோன்றவில்லை. புழு வந்தபிறகு எச்சிலுக்கும் விலை வந்துவிட்டது.

வங்கிக் கவுண்ட்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் இதில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2016-ல் ஆரம்பித்த ஸ்டாண்ட் அப் இந்தியா திட்டம், ஒவ்வொரு வங்கிக் கிளையும் குறைந்தது ஒரு பட்டியல் சாதி அல்லது பழங்குடி நபருக்கும் ஒரு பெண்ணுக்கும் 10 லட்சம் முதல் 1 கோடி வரை கடன் தர வேண்டும் என்றது. தமிழக அரசு 2023-ல் கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு மூலதன மானியம், 6 விழுக்காடு வட்டி மானியம். 2024 டிசம்பர் 6 அன்று சென்னையில் கழிவுநீர் அகற்றும் நவீன வண்டிகளைத் தூய்மைப் பணியாளர்கள் பேரிலேயே கொடுத்தார்கள். ஆகவே காகிதத்தில் கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் கடன் மனுவில் ஒரு கேள்வி உண்டு: கச்சாப்பொருள் எங்கிருந்து வரும், அதற்கு ஒப்பந்தம் உண்டா? புழுப்பண்ணைக்குக் கச்சாப்பொருள் ஊரின் ஈரக்கழிவு. அதன் ஒப்பந்தம் பேரூராட்சியின் கையில், நகராட்சியின் கையில். இன்னொரு கேள்வி: இடம் யார் பேரில்? இந்த இரண்டு கட்டங்களும் காலியாக இருந்தால் மானியம் எத்தனை விழுக்காடாக இருந்தாலும் மனு மேசையிலேயே மடங்கிப் படுத்துவிடும். பணத்தைவிடவும் முதலில் கேட்க வேண்டியது நிலமும் ஒப்பந்தமும்.

பெரிய மூலதனம் வந்தால்தான் இது நடக்கும் என்று மிரட்டுவார்கள். பெரிய மூலதனத்தின் கதையையும் கேளுங்கள். தென்னாப்பிரிக்காவில் தொடங்கி உலகமெங்கும் பேசப்பட்ட அக்ரிபுரோட்டீன் கம்பெனி 2021-ல் நொடித்துப்போனது. பல நூறு மில்லியன் யூரோ திரட்டிய பிரான்சின் இன்செக்ட் நிறுவனம் 2024-ல் கடனுக்குப் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. அது வளர்த்தது வேறு வகைப் புழு, ஆனால் கனவு அதே கனவு. ராட்சச ஆலை, ராட்சசக் கடன், சோயாவோடு விலைப்போட்டி. புழு அதற்கெல்லாம் ஒத்துவரவில்லை. ஈரக்கழிவில் முக்கால்வாசி தண்ணீர். தூரத்துக்குத் தூக்கிப்போனால் டீசலுக்கே கட்டாது. உண்டாகும் இடத்திலேயே தின்னவைத்தால்தான் கணக்கு சரிவரும். ராஜபாளையம் காய்கறிச் சந்தைக்கு ஒன்று, செட்டியார்பட்டி, தளவாய்புரம், முகவூர் சேர்ந்து ஒன்று, ஸ்ரீவில்லிபுத்தூர் கல்யாண மண்டபங்களுக்கும் ஓட்டல்களுக்கும் ஒன்று, இப்படிச் சின்னச் சின்னதாக. புழுவின் இயல்பே கூட்டுறவுக்குத்தான் பொருத்தம். பக்கத்துக் கோழிக்காரர், மீன்குட்டைக்காரர் வாங்கிக்கொள்வார்கள். மிஞ்சினால் ராஜபாளையம் நாய்க்கு பிஸ்கட் போடலாம்.

நம் கோரிக்கைகளை இப்படி வைக்கிறோம்.

பிரிப்பது தின்றவர் வேலை. வீட்டிலும் ஓட்டலிலும் மண்டபத்திலும் பிரிக்காத குப்பையை வாங்க மறுக்கும் உரிமை தொழிலாளிக்கு எழுத்தில் வேண்டும். மறுத்ததற்காக வேலை போகக் கூடாது. வீட்டுக்குள் இந்த வேலையைப் பொம்பளை தலையில் கட்டிவிட்டு ஆம்பளை பேப்பர் படிப்பதும் நமக்குச் சம்மதமில்லை. தெருவில் சாதி செய்வதை வீட்டுக்குள் ஆண் செய்யக் கூடாது.

ஊரின் ஈரக்கழிவு மேல் முதல் உரிமை அதைச் சேகரிக்கும் தொழிலாளர் கூட்டுறவுக்கு. தனியாருக்கு ஏலம் விடுவதற்கு முன்னால் அவர்களைக் கேட்க வேண்டும். டன்னுக்கு இவ்வளவு என்று கம்பெனிக்குக் கொடுக்கச் சம்மதிக்கும் கட்டணத்தைக் கூட்டுறவுக்கும் கொடுக்க வேண்டும்.

கூட்டுறவு வந்துவிட்டது என்று சொல்லி நிரந்தர வேலை, சம்பளம், சேமநல நிதி, மருத்துவம் எதையும் வெட்டக் கூடாது. உரிமையாளர் ஆக்குகிறோம் என்று கூலியைப் பறிப்பது பழைய தந்திரம். காய்ந்த பூச்சித்தூசு மூச்சில் போனால் ஒவ்வாமையும் இளைப்பும் வரலாம். முகமூடியும் காற்றோட்டமும் முதல் நாளிலிருந்தே வேண்டும்.

இடம் சேரிக்குப் பக்கத்தில் கூடாது. 'நாத்தமே வராத தொழில்நுட்பம்' என்றுதானே சொல்கிறீர்கள்? நல்லது. அப்படியானால் ஊருக்குள், சந்தைக்குள், பேரூராட்சி அலுவலகத்துக்குப் பின்னால் கட்டுங்கள். நாத்தம் வராது என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி வேறு என்ன?

அங்கே வேலைக்கு ஆள் எடுக்கும்போது எல்லாச் சாதியிலிருந்தும் எடுக்க வேண்டும். கழிவுப்பஞ்சுக்குப் போட்டி போடுகிறவர்கள் புழுவுக்கும் வரட்டும். சலித்தெடுக்கவும் வரட்டும், கணக்கெழுத மட்டும் வரவேண்டாம்.

கடைசியாக ஓர் எல்லைக்கோடு. கென்யாவின் நைரோபியில், முக்குரு குடிசைப் பகுதிக் கழிப்பறைகளின் மலத்தை அடைத்த பெட்டிகளில் எடுத்துப்போய்ப் புழுவுக்குப் போட்டுத் தீவனமாக்கியது சானர்ஜி என்ற நிறுவனம். அந்த மண்ணில் அதன் நன்மை தீமையை அந்த மக்கள் பேசட்டும். இங்கே யாராவது அந்த யோசனையைத் தூக்கிக்கொண்டு வந்தால், பெட்டியை யார் தூக்குவார் என்பது நமக்குத் தெரியும். மனிதக்கழிவை மனிதன் சுமப்பதை 1993-ல் ஒரு சட்டமும் 2013-ல் இன்னொரு சட்டமும் தடை செய்தபிறகும் மலக்குழியில் சாவு நிற்காத நாடு இது. மலம் குழாயில் போகட்டும், எந்திரத்தில் போகட்டும். புழுவின் பேரைச் சொல்லி மறுபடி ஒரு வாளி நம் தோளுக்கு வரக்கூடாது.

மாணவர்களே, தோழர்களே. இது கருத்தரங்கத்தில் பேசிக் கலையும் விசயமில்லை. அடுத்த கிராமசபையோ பேரூராட்சி மன்றக் கூட்டமோ, உங்கள் ஊரில் எது வாய்க்கிறதோ, அங்கே மூன்று கேள்வியை எழுதிக்கொண்டு போங்கள். நம் ஊரின் ஈரக்கழிவு ஒரு நாளைக்கு எத்தனை கிலோ? அது இப்போது எங்கே போகிறது? அதைப் பிரிக்கிறவருக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள்? பதிலை எழுத்தில் கேளுங்கள், பதிவேட்டில் ஏறும்வரை எழுந்திருக்காதீர்கள். போகும்போது வண்டி தள்ளும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு போங்கள். அவருக்காக நீங்கள் பேச வேண்டாம். பேச அவருக்கு ஆயிரம் இருக்கிறது. நாற்காலி ஒன்றை மட்டும் இழுத்துப் போடுங்கள்.

சோற்றைத் தின்னப் புழு இருக்கிறது. சாதியைத் தின்ன எந்தப் பூச்சியும் எந்தக் கண்டத்திலிருந்தும் வராது. அதை நாம்தான் தின்று செரிக்க வேண்டும்.